இடது காலுக்கு மட்டும் அரை இஞ்ச்

மிஷினை நிறுத்தும்போதெல்லாம் ஸ்தனிஸ்லாஸ் அண்ணன் இடது தொடைப் பக்கத்துப் பேன்ட் துணியை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கிப் பார்ப்பார். துணி விரலுக்கு வந்தால் முகம் தெளியும். வராவிட்டால் மறுநாளே அந்தக் காலைப் பிரித்து, உள்மடிப்பிலிருந்து அரை இஞ்ச் விட்டுத் தைத்துக்கொள்வார். வலது காலைத் தொடமாட்டார்.

பேகம்பூரில் அவருடைய தையல்கடை, பின்னாலேயே வீடு. எதிர் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்திருக்கும் எனக்கு எல்லாம் தெரியும். தொடையிலிருந்து பாதம்வரை வீங்கிய காலை எட்டு மாதம் இப்படித்தான் சமாளித்தார். வைத்தியம் பார்க்கவில்லை, ஆல்டர் செய்தார்.

அவர் மனைவி ரோசலின் அக்கா காஜா எடுத்துக்கொண்டே கேட்பார்.

"ஆஸ்பத்திரிக்கு எப்பப் போறதா உத்தேசம்?"

"மிஷின் மிதிக்கிற காலு, அப்படித்தான் இருக்கும்."

"மோட்டார் மாட்டி ஆறு வருசமாச்சு. எங்கன மிதிக்கிறீக?"

அண்ணன் ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்துவிடுவார்.

"டேப்பு கழுத்துலதான கெடக்கு, அளந்தாவது பாருங்க."

"தனக்குத்தானே டேப்பு வச்சா, சவப்பொட்டிக்கு அளவெடுத்த மாதிரி. எங்கப்பாவே வச்சதில்ல. கூடுனா பேன்ட் சொல்லும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை பேன்ட் சொல்லிவிட்டது. முந்தின வாரம் பூசைக்குப் போட்ட சாம்பல் நிறப் பேன்ட், இடது முழங்காலுக்கு மேல் ஏறவில்லை. அண்ணன் கைலியோடு தெருவைத் தாண்டி என்னிடம் வந்தார்.

"ஏலே அப்பு, ஒரு ஆட்டோ புடி. ஒரே வாரத்துல ரெண்டு இஞ்ச் ஏறிருச்சு."

மதுரையில் ஸ்கேன் எடுத்தார்கள். கால் ரத்தத்தை மேலே கொண்டுபோகும் பெரிய சிரையை, இடுப்புக்குள் குறுக்கே போகும் தமனி ஒன்று அழுத்தி நசுக்கியிருந்தது. இன்னும் விட்டிருந்தால் ரத்தம் கட்டியாகி நுரையீரலுக்கே போயிருக்கலாம் என்றார் டாக்டர். ஊசித் துளை வழியே ஸ்டென்ட் என்ற கம்பி வலைக்குழாயை விட்டு, நசுங்கிய இடத்தில் விரித்துவிட்டார்கள். மூன்றாம் நாள் வீடு வந்தார்.

பார்க்க வந்தவர்களுக்கு அண்ணனே விளக்கினார்: "பாவாடையில நாடாப்பட்டி நசுங்குனா நாடா போகுமா? உள்ள ஒரு குழாய விட்டு விரிச்சாக. கத்தி வைக்கல. ஒரு தையல்கூடப் போடல." கடைசி வாக்கியத்தில் மட்டும் லேசாகக் குறை தெரிந்தது.

வீக்கம் வடிந்துவிட்டது. இப்போது அவருடைய எல்லாப் பேன்ட்டிலும் இடது கால் கொடி மாதிரி ஆடுகிறது. ஒவ்வொன்றாகப் பிடித்துத் தைக்கிறார். சாம்பல் பேன்ட்டை மட்டும் காணவில்லை என்று தேடிக்கொண்டிருக்கிறார்.

போன வாரம் ஆஸ்பத்திரிச் சீட்டை ஜெராக்ஸ் எடுக்க வந்தபோதுதான் அக்கா சொன்னார்: "அது எம் பொட்டியில கெடக்கு. அந்தச் சனிக்கெழம அவரு டீக்குப் போன நேரத்துல, ரெண்டு இஞ்ச் நாந்தான் உள்ள புடிச்சுத் தச்சேன்."