நடுவில் விழுந்த பந்து

பெரம்பலூருக்குக் குடிவந்த புதிதில் எங்கள் தெருவில் எனக்குத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. கணவருக்கு மாற்றல் வந்ததால் வந்தோம். எனக்கோ வாய் லேசில் திறக்காது. எதிரில் வருபவர் சிரித்தால் நாமும் சிரிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதற்குள் அவர் என்னைக் கடந்து போயிருப்பார்.

தெருக்கோடியில் வீடு கட்டாத மனை ஒன்று உண்டு; தெருப் பெண்கள் மாலையில் அங்கே எறிபந்து ஆடுவார்கள். ஒரு மாலை அங்கிருந்து ஒரு பந்து எங்கள் கேட்டுக்குள் வந்து விழுந்தது. பின்னாலேயே எதிர் வீட்டு நர்ஸ் அக்கா, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். பந்தை எடுத்து எறிந்தேன். பள்ளியில் எறிபந்து ஆடிய கை அது. பந்து சரியாக அவர் கைகளுக்குள் போய் உட்கார்ந்தது.

"நீங்க ஆடுனவங்களா?"

"ஸ்கூல்ல ஆடுனதுங்க."

"அப்பறம் என்ன, வாங்க. எங்களுக்கு ஆளு கொறையுது."

அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே கிளம்பினேன். பல வருடங்களுக்குப் பிறகு உள்ளங்கையில் பந்து வந்து அறைந்தபோது உடம்பெல்லாம் ஏதோ ஓடியது. அன்று இரவு சோறு பரிமாறும்போதுகூட நான் ஆட்டத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததாகக் கணவர் சொன்னார்.

நர்ஸ் அக்காதான் கேப்டன். என்னைப் பின்வரிசையில் இருவருக்கு நடுவே நிறுத்தினார். வலப்பக்கம் இருந்தவர் ஒரு வீட்டின் மாடியில் குடியிருந்தார். இடப்பக்கம் இருந்தவர் அதே வீட்டின் கீழே. இருவரும் ஓரகத்திகள், அண்ணன் மனைவியான பெரியவர் மாடியில், தம்பி மனைவியான சின்னவர் கீழே. தண்ணீர் மோட்டாரை யார் போடுவது, யார் நிறுத்துவது என்று தொடங்கிய சண்டையில் இருவருக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது. எறிபந்தில் இரண்டு ஆளுக்கு நடுவே வரும் பந்துதான் ஆபத்து. யாராவது ஒருவர் "எனக்கு" என்று குரல் கொடுக்க வேண்டும். இவர்கள் இருவரும் வாயே திறப்பதில்லை. அதனால்தான் நடுவில் நான்.

குரல் கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. "அக்கா, உங்களுக்கு", "விடுங்க, எனக்கு" என்று கத்திக் கத்தி, என் தொண்டையில் இவ்வளவு சத்தம் இருந்ததை நானே அப்போதுதான் தெரிந்துகொண்டேன். கவனிக்கவும் பழகினேன். பெரியவர் பந்தை விட்டுவிட்டால் எல்லார் முன்னாலும் ஒன்றும் சொல்லக் கூடாது; பிறகு தனியாகச் சொன்னால் கேட்டுக்கொள்வார். சின்னவருக்கு அப்போதைக்கப்போதே "நல்லா புடிச்சீங்க" என்று ஒரு வார்த்தை வேண்டும். அதைக் கேட்டால் அடுத்த பந்துக்குப் பாய்வார்.

ஒருநாள் பெரியவர் என்னிடம் மெதுவாக, "அவ கை நல்லா நீளம், எட்டி எடுத்துடுறா" என்றார். மறுநாள் அதைச் சின்னவரிடம் அப்படியே சொன்னேன். அவர் நம்பவில்லை. "அவங்களா சொன்னாங்க? என்னையவா?" என்று மறுபடி மறுபடி கேட்டார். அன்று அவர் ஒரு பந்தைக்கூடத் தவறவிடவில்லை.

அரியலூரில் பெண்களுக்கான போட்டி என்று செய்தி வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் ஏறினோம். முன்னால் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. எனக்கு ஆர்வத்தில் உட்காரவே முடியவில்லை. மைதானத்தில் எங்களை எதிர்த்து நின்றது உள்ளூர் அணி. அவர்களுடைய கேப்டன் நல்ல உயரம். அவர் எறிந்த பந்து காதோரம் விர்ரென்று போனது. முதல் செட்டைத் தோற்றோம். இரண்டாவதை எப்படியோ எடுத்தோம். எடுத்த வேகத்திலேயே ஒரு பந்து என் விரலில் மோதி, விரல் கொழுக்கட்டையாக வீங்கிவிட்டது.

நர்ஸ் அக்கா துணியைச் சுற்றிக்கொண்டே, "நீ வெளிய உக்காரு" என்றார். எனக்குப் பதில் இறங்கவேண்டியவர் எங்கள் தெரு டீச்சர் ஒருவர்; அவருக்கு முன்வரிசையில் ஆடத்தான் வரும். பின்னால் ஓரகத்திகள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டியதாயிற்று.

எனக்கு எங்கிருந்து துணிச்சல் வந்ததோ, இருவரையும் அழைத்து நிறுத்தினேன். "இனிமே நடுவுல நான் இல்லைங்க. நீங்க ரெண்டு பேருதான் பேசிக்கணும். பந்துக்கு மட்டும் பேசுங்க, போதும். வூட்ல பேசணும்னு நான் சொல்லல."

"மொதல்ல அவங்க கூப்புடட்டும்" என்றார் சின்னவர், தரையைப் பார்த்துக்கொண்டு. பெரியவர் உள்ளே போய் நின்றார்.

மூன்றாவது செட் தொடங்கியதும் முதல் பந்தே இருவருக்கும் நடுவில் விழுந்தது. இருவரும் நின்று பார்த்தார்கள். அடுத்ததும் அதே இடம்தான். எதிரணி கேப்டன் கண்டுபிடித்துவிட்டார். நான் கோட்டுக்கு வெளியே நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் முறையும் பந்து அங்கேயே வந்தது.

"ஏய், நீ எடு" என்றார் பெரியவர்.

சின்னவர் தாவினார். இரண்டு கைகளிலும் பந்து. "எடுத்துட்டேன்க்கா" என்று சொல்லிக்கொண்டே திருப்பி எறிந்தார். எதிரணியின் கடைசிக் கோட்டோரம் விழுந்தது. புள்ளி எங்களுக்கு. அதன் பிறகு அந்த இரண்டு குரல்களும் நிற்கவே இல்லை. "அக்கா ஒங்களுக்கு", "விடு விடு, வெளிய போவுது", "பின்னால வா". அவ்வளவு காலம் பேசாமல் விட்டதையெல்லாம் அந்த ஒரு செட்டிலேயே பேசித் தீர்ப்பதுபோல் இருந்தது. வெளியே நான் வீங்கிய விரலை மறந்து கைதட்டி, வலியில் குதித்தேன். ஜெயித்துவிட்டோம்.

அடுத்த ஆட்டத்தில் வேறொரு அணி எங்களை விளாசி அனுப்பிவிட்டது. அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. மர நிழலில் புளிசாதம் பிரித்தபோது பெரியவர் தன் டப்பாவைச் சின்னவர் பக்கம் தள்ளினார். மோட்டார் விவகாரம் அதற்குப் பிறகும் அவ்வப்போது எழுந்ததுண்டு. ஆனால் இப்போது இருவரும் அதை நேருக்கு நேர் பேசியே சண்டை போடுகிறார்கள்.

கிளம்பும்போது எங்களிடம் தோற்ற அந்த உயரமான கேப்டன் தண்ணீர்க் குழாயருகே முகம் கழுவிக்கொண்டிருந்தார். யாரும் சொல்லாமல், நானாகவே அவரிடம் போனேன்.

"நீங்க எறியுற பந்தப் பாத்தா கண்ணை மூடிக்கத் தோணுதுங்க. எப்படி எறியுறீங்கன்னு எங்களுக்கும் சொல்லித் தாங்களேன். அடுத்த ஞாயித்துக்கெழம பெரம்பலூர் வாங்க. ஆடலாம், எங்க வூட்லயே சாப்புடலாம்."

அவர் முகத்தைத் துடைத்தபடி என்னைப் பார்த்துச் சிரித்தார். "எத்தன பேரு வரலாம்?"

"எல்லாரும் வாங்க" என்றேன்.

அப்படியே எல்லாரும் வந்தார்கள்.