பானை உடைந்தால் எந்தப் பக்கம் பார்க்கிறார்கள்?

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் தெற்கே பார்த்து நடந்துகொண்டிருந்தேன். தோளில் தகரப் பெட்டி. காலடிப்பேட்டை தாண்டியாயிற்று. பின்னாலிருந்து யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடமாட்டார்கள் என்று தெரியும். ஆனாலும் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன்...

அன்று காலையில்தான் அதே பெட்டியோடு அதே சாலையில் வடக்கே போயிருந்தேன். ஒரு கைத்தொழில் கல்லூரியில் சேர! பொழுது சாய்வதற்குள் படிப்பு முடிந்துவிட்டது.

பழைய கதைதான். இப்போது எதற்கு என்கிறீர்களா?

போன வாரம் ராயபுரம் டிராமில் என் எழுத்தைப் படிக்கிற ஒருவர் என்னை அடையாளம் கண்டுகொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மகனைக் கல்லூரியில் சேர்க்கப் போகிறாராம். "மூணு காலேஜ் பார்த்துட்டேன் சார். மூணுலயும் நல்ல கட்டடம், நல்ல மரம், நல்ல பிரின்சிபால். எது நம்ம பிள்ளைக்குச் சரிப்படும்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?" என்றார்.

நாலாம் வகுப்பைத் தாண்டாதவனிடம் கேட்கிற கேள்வியா இது? சிரித்து மழுப்பிவிட்டு இறங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது — இதற்கு என்னிடம் பதில் இருக்கிறதே!

அப்போது நான் துறைமுகத்தில் நிலக்கரி சுமந்துகொண்டிருந்தேன். அதற்கு முன்னால் எண்ணூர் உப்பளம். அதற்கும் முன்னால் ஒரு தோல் கிடங்கு. எங்கேயும் நிலைத்து நின்றதில்லை. புளியந்தோப்பில் இருந்த என் அக்காவுக்கு அதுதான் கவலை. அவள் பாத்திரம் தேய்த்த வீட்டு அம்மாள், அந்தக் கல்லூரிக்கு நன்கொடை கொடுக்கிறவர். ஹாஸ்டலில் ஓர் இலவச இடம் காலியாக இருக்கிறது என்று அவர் வாயிலிருந்து வந்ததுதான் தாமதம், அக்கா பிடித்துக்கொண்டாள். கெஞ்சினாள், அழுதாள், வாங்கியும் விட்டாள். சாப்பாடு, படுக்கை, படிப்பு எல்லாம் இலவசம். இரண்டு வருஷம் பொறுத்தால் பிட்டராக வெளியே வரலாம். இருபது வயது தாண்டிய கரிக்காரனுக்கு இன்னொரு தடவை இப்படி வருமா?

வராது. அது எனக்கும் தெரியும்.

கல்லூரி வாசலில் நுழைந்ததுமே எனக்குச் சந்தேகம் தட்டியது. காரணம் — மரியாதை!

என் பெட்டியை வாங்க மூன்று பேர் ஓடி வந்தார்கள். "வாங்க வாங்க, உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம்" என்றார்கள். நீள அறையில் வரிசையாகக் கட்டில்கள். கதவோரத்துக் கட்டில் ஒன்று மட்டும் காலி. கடல் காற்று நேராக வந்து விழுகிற இடம். பெட்டியை அதில் வைத்தார்கள்.

நான் எத்தனையோ இடத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். புதியவனுக்குக் காற்று வருகிற இடத்தை விட்டுக்கொடுத்த ஊரை நான் கண்டதில்லை. கரிக் கொட்டகையில் தூசி எங்கே கொட்டுமோ அங்கேதான் புதியவன் நிற்பான். இங்கே மட்டும் ஏன் இப்படி? இவர்களுக்கு என்னால் என்ன ஆகவேண்டும்?

பக்கத்துக் கட்டில்காரன் பெயர் சபாபதி. மதுரைப் பக்கத்துக்காரன், சம்பளம் கட்டிப் படிக்கிறவன். பட்டறையைச் சுற்றிக் காட்டினான். அங்கே ஒரு லேத், கடைசல் இயந்திரம், ஓடிக்கொண்டிருந்தது. பித்தளைச் சீவல் சுருள் சுருளாக, மின்னிக்கொண்டு விழுந்தது. ஒன்றை எடுத்துப் பார்த்தேன், சுட்டது. கீழே போட மனம் வரவில்லை. சந்தேகமெல்லாம் போய்விட்டது என்றே சொல்லவேண்டும். இங்கேயே கிடந்துவிடலாம் என்று அந்த நிமிஷம் முடிவு செய்தேன்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகுதான் அது நடந்தது.

அறையின் ஒரு மூலையில் குடிதண்ணீர்ப் பானை. எதிர் மூலையில், ஜன்னலருகே, நான். சபாபதி கையில் கிரிக்கெட் மட்டையை வைத்துக்கொண்டு, இல்லாத பந்தை அடித்துக்கொண்டிருந்தான். மட்டை பானையில் பட்டது. தண்ணீர் அறை முழுக்க ஓடியது.

சத்தம் கேட்டு வார்டன் வந்தார். நல்ல மனிதர், முகத்திலேயே தெரியும். "யார்?" என்றார்.

எல்லோருடைய தலையும் ஒரே சமயத்தில் திரும்பியது. சபாபதி பக்கம் இல்லை. என் பக்கமும் இல்லை. கதவோரத்துக் கட்டிலின் பக்கம்!

கட்டிலில் ஆள் இல்லை. என் பெட்டிதான் இருந்தது. ஒரு கணம் எல்லோருமே திகைத்தார்கள். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு பெட்டியைப் பார்த்த கண்கள், பெட்டிக்காரனைத் தேடி, மெதுவாக ஜன்னலுக்கு வந்தன.

வார்டனும் என்னைப் பார்த்தார். புன்னகை செய்தார். "பரவாயில்லை, புதுசுதானே. போகப் போகப் பழகிடும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் நின்ற இடத்திலிருந்து மட்டையை எறிந்தால்கூடப் பானையில் பட்டிருக்காது!

சபாபதி ஒரு வாழைப்பழத்தோடு வந்தான். "கோவிச்சுக்காதீங்கண்ணே. நான்தான் உடைச்சேன்."

"அதை அவர்கிட்ட சொல்றதுதானே?"

"சொன்னா எங்க அப்பாவுக்குக் கடுதாசி போடுவாரு. உங்களை ஒண்ணும் செய்யமாட்டாரு. வெறும் வாய்ப்பேச்சுதான்."

"இந்தக் கட்டில்ல முன்னால யாரு இருந்தா?"

"மாத்தூரு. அவரும் இலவச இடம்தான்."

"பேரு?"

யோசித்தான். பக்கத்திலிருந்தவனைப் பார்த்தான். அவனும் யோசித்தான். "மாத்தூர்க்காரருங்க. மாத்தூருன்னே கூப்பிட்டுப் பழகிட்டோம். ரொம்ப நல்லவரு அண்ணே, என்ன சொன்னாலும் கேட்டுக்குவாரு. ஒருநாள் சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டாரு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, ஒரே சண்டை!" என்றான் சபாபதி, கள்ளமில்லாமல். "எது காணாமப் போனாலும் ஒருத்தனை ஒருத்தன் முறைச்சுக்கிட்டு... நிம்மதியே இல்ல. உங்களைப் பார்த்ததும்தான் எல்லாருக்கும் உசுரு வந்துச்சு."

வாழைப்பழம் நல்ல பழம். சாப்பிட்டேன். தோலை வெளியே எறிந்துவிட்டு வந்து பெட்டியைத் தூக்கினேன்.

அவர்கள் கெட்டவர்களா? இல்லை. அதுதான் சங்கடம். கெட்டவர்களாக இருந்தால் ஒருவனை அடித்து மற்றவனோடு தோஸ்தாகி, இரண்டு வருஷத்தை ஓட்டிவிடலாம். இவர்கள் அன்பாக இருந்தார்கள். எனக்கென்று ஓர் இடம், அதுவும் காற்றோட்டமாக, ஒதுக்கி வைத்திருந்தார்கள். அதில் உட்கார்ந்தால் போதும். பானைக்கும், காணாமல் போகிற குடைக்கும், கரிந்துபோன சோற்றுக்கும் நான் பொறுப்பு. மாத்தூர்க்காரருக்கும் அந்த லேத்தின்மேல் ஆசை இருந்திருக்கும் அல்லவா? அவரே ஓடியிருக்கிறார் என்றால்...

வார்டனிடம் சொல்லிக்கொண்டேன். அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். "ஒரு பானைக்காகவா? பானைக்காக யாராவது படிப்பை விடுவார்களா அப்பா?"

"பானைக்காக இல்லீங்க" என்றேன். வேறு எதற்காக என்று சொல்ல அன்றைக்கு எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை.

டிராம் நண்பரே, உங்களுக்கு என் பதில் இதுதான். கட்டடத்தைப் பார்க்காதீர்கள். பிரின்சிபாலைப் பார்க்காதீர்கள். ஏதாவது உடைகிற வரை அங்கே இருங்கள். உடைந்ததும், உடைத்தவனைப் பார்க்காதீர்கள் — மற்றவர்கள் கண் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பாருங்கள். அந்தப் பக்கத்தில்தான் உங்கள் பிள்ளைக்கு இடம் போட்டிருக்கிறார்கள் என்றால், பெட்டியைத் தூக்குங்கள்.

இதில் எனக்கு நஷ்டம் இல்லை என்று சொல்லமாட்டேன். லேத் ஓட்ட இன்றுவரை எனக்குத் தெரியாது.

பேசின் பிரிட்ஜ் தாண்டிப் புளியந்தோப்புக்குப் போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். அக்கா வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடா, பொட்டியத் தூக்கிகினு வந்துகீற?"

சொன்னேன். பாதியிலேயே கத்த ஆரம்பித்துவிட்டாள்.

"ஆமா, நான்தான் ஒடச்சேன்னு சொல்லிட்டுப் படிச்சிகினு கீறதுதானே? வாயா தேஞ்சுபூடும்? ஹார்பர்ல நீ வாங்காத ஏச்சாடா?"

"இன்னிக்கு ஒரு நாளைக்கின்னா சொல்லலாம்க்கா. ரெண்டு வருசம்..."

"நாளைக்கு அந்தம்மா மூஞ்சில நான் எப்டி முழிப்பேன்? அத்தச் சொல்லு!"

மாமா உள்ளேயிருந்து, "வுடு, பசியோட வந்துகீறான்" என்றார். அக்கா சோறு போட்டாள். குழம்பை ஊற்றும்போது தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. அந்த வீட்டுப் பாத்திர வேலை அவளுக்குப் போகவில்லை. ஆனால் அந்த அம்மாள் அதற்குப் பிறகு அவளோடு சரியாகப் பேசவே இல்லை. அதையும் நான்தான் கணக்கில் வைத்துக்கொள்ளவேண்டும்.

மறுநாள் காலை யானைக்கவுனியில் ஒரு தானியக் கிடங்கில் ஆள் எடுத்தார்கள். கோணி தைக்கிற வேலை. வரிசையாக உட்கார்ந்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் ஒரு மூட்டை பிரிந்து துவரம்பருப்பு தரையெல்லாம் கொட்டியது.

மேஸ்திரி வந்தார். "எவன்டா தச்சது, கஸ்மாலம்?"

நான் சுற்றிலும் பார்த்தேன். ஒருவர் கண்ணும் எங்கேயும் திரும்பவில்லை. அவரவர் கோணியை அவரவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மேஸ்திரி காத்திருக்கவில்லை. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும், எங்கள் எல்லோரையும், எங்கள் குடும்பத்தோடு சேர்த்து, ஒரே வாயில் திட்டித் தீர்த்தார். அப்போதுதான் வந்து உட்கார்ந்த எனக்கும் சரிபங்கு — ஒரு சொல்கூட அதிகமில்லை.

ஊசியில் சணலைக் கோத்தேன்.