அத்திப்பாலில் உறைந்த சீஸ்

காலை 6.10. மதுரையில் பஸ் ஏறினேன். திருமங்கலம் தாண்டுவதற்குள் மூன்று முறை கைபேசியில் மணி பார்த்துவிட்டேன். சோழபுரத்தில் ஆட்டுப்பண்ணை வைத்திருக்கும் முத்துச்செல்வி செய்த சீஸை அன்றுதான் முதன்முதலாக வெட்டப்போகிறோம். மதுரையில் சீஸ் கடை வைத்து விற்பவன் நான். ஸ்ரீவில்லிபுத்தூரில் சைவ விடுதி நடத்தும் சீனிவாசனிடம், ருசி பார்க்காமலேயே, மாலை நான்கு மணிக்குப் பன்னிரண்டு வட்டுகள் தருவதாகச் சொல்லியிருந்தேன்.

9.05. ராஜபாளையம். டீ பன்னிரண்டு ரூபாய், பாதியில் வைத்துவிட்டேன். சோழபுரத்துக்கு ஆட்டோ இருநூற்றைம்பது.

"இம்புட்டு அவசரமா போறீகளே, ஆட்டுக்குச் சொகமில்லையா சார்?" என்றார் ஓட்டுநர்.

9.45. முத்துச்செல்வி பழைய ஃப்ரிட்ஜைத் திறந்தாள். ஒரே நாள் கறந்த வெள்ளாட்டுப் பால்தான். பாதியை அத்திக் கிளையில் வடியும் பாலை விட்டு உறைய வைத்திருந்தாள். மீதியை, வெட்டிய கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட் பொடியைப் போட்டு. நாற்பது நாள் இரண்டும் ஒரே குளிரில் பழுத்திருந்தன.

ரென்னட் சீஸ் கத்திக்குச் சீராக வெட்டுப்பட்டது; மென்றால் முந்திரி வாசம். அத்திப்பால் சீஸ் நடுவில் குழைந்து வழிந்தது. முதலில் வெண்ணெய் மாதிரி இருந்தது. விழுங்கியதும் அடிநாக்கில் வேப்பங்கசப்பு.

"அத்திப்பாலு ஒறைய வச்சதோட நிக்கல அண்ணாச்சி. உள்ள கெடந்து பாலோட சத்தைக் கண்டபடி அறுத்துக்கிட்டே இருக்கு, அதான் கசக்கு. ரென்னட்டு நிதானம்," என்றாள்.

"அப்ப ரென்னட்டையே குடுத்துருவோம். பாத்தா தெரியவா போகுது?"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "தெரியாதுதான். அவிய கறி தொடாதவிய. கன்னுக்குட்டி சேதியச் சொல்லிக் குடுக்கதுன்னா எடுத்துட்டுப் போங்க. இல்லன்னா இங்கேருந்து ஒண்ணும் வெளிய போகாது."

கொட்டிலைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். கோபம் அவள்மேலா, என்மேலா என்று தெரியவில்லை. பதினொரு மணிக்கு அவளே கூப்பிட்டாள். கீழ்த்தட்டில், சும்மா செய்து பார்த்த அத்திப்பால் வட்டுகள் ஐந்து. வயது பத்து நாள். கிள்ளி வாயில் போட்டேன். மிருது, லேசான புளிப்பு. கசப்பு இன்னும் வரவில்லை.

3.50. ஸ்ரீவில்லிபுத்தூர். இரண்டு வகை வட்டுகளும் வைத்த ஐஸ் பெட்டியோடு இருவருமாகப் போய் இறங்கினோம். எது எதில் உறைந்தது, பன்னிரண்டுக்கு ஐந்துதான் தேறியது என்பதையெல்லாம் சீனிவாசனிடம் சொன்னேன். ரென்னட் துண்டை விரல் நுனியால் தள்ளி வைத்தார். இளம் சீஸை நிதானமாகத் தின்றார்.

"இது எத்தனை நாள் தாங்கும்?"

"ஒரு வாரம். பொறவு கசக்கும்," என்றாள் முத்துச்செல்வி.

அவர் என்னைப் பார்த்தார். "உண்மையச் சொல்லுங்க. எனக்கு எதைக் குடுக்கணும்னு மொதல்ல நெனச்சீங்க?"

பொய் நுனிநாக்கு வரை வந்தது. "ரென்னட்டை. சொல்லாம."

கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு அவளிடம் திரும்பி, "வாரம் அஞ்சு வட்டு அனுப்பும்மா. இனி உன்கிட்டதான் பேசுவேன்," என்றார்.

5.30. மதுரை பஸ்ஸில் மடியில் ரென்னட் வட்டுகள். கிருஷ்ணன்கோவில் வரை இருப்புக் கொள்ளவில்லை. என் கடைக்கு வருபவர்களிலும் கறி தொடாதவர்கள் உண்டு. நான் விற்கும் சீஸ் எதை விட்டு உறைய வைத்தது என்று இதுவரை யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. நாளைக் காலை கடை திறந்ததும் முதல் ஆளிடமே சொல்லிவிட வேண்டும்.