இராயபுரத்தில் நான் படித்த ஆதாரங்கள்

இராயபுரத்துக்கு வந்த புதிதில், தினமும் காலையில் குழாயடியில் எனக்கு ஒரே கேள்வி காத்திருக்கும். "இன்னா பாப்பா, நேத்து எத்தினி பேருக்குப் பைத்தியம் தெளிஞ்சுது?" கேட்பவர் என் வீட்டுக்காரம்மா பிலோமினா அக்கா. மனநல மருத்துவமனையில் எனக்கு வைத்திய வேலை இல்லை, நான் ஆராய்ச்சி உதவியாளர், வெளிநாட்டு மருத்துவ இதழ்களைப் படித்து எந்தச் சிகிச்சைக்கு என்ன ஆதாரம் இருக்கிறது என்று எழுதிக் கொடுப்பவள் என்று விளக்கினேன். 'ஆதாரம்' என்றதும் அக்காவின் முகம் மாறியது. நான் போலீஸ் என்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கப் பரவிவிட்டது. காசிமேட்டு மீன்காரம்மா ஒரு வாரம் எனக்குத் துள்ளுகிற மீனாகவே பொறுக்கிக் கொடுத்தார்.

பினாங்கில் இதைப் படிக்கும் உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். அங்கே பிறந்து, பாடப்புத்தகத் தமிழோடு எழுபதுகளின் தொடக்கத்தில் சென்னைக்கு வந்தவள் நான். ஒருநாள் கதவைத் தட்டி, "வூட்ல யார்னா கீறாங்களா?" என்று கேட்டவரிடம், இங்கே யாரும் எதையும் கீறவில்லை என்று பணிவாகச் சொல்லி அனுப்பினேன். 'இருக்கிறார்களா' என்று கேட்டிருக்கிறார், பாவம். நான் 'மனச்சோர்வு' என்று எழுதியதை வார்டில் எல்லோரும் 'பேஜாரா கீது' என்றார்கள். அந்தச் சொல்லில் நோய் இன்னும் நன்றாகவே தெரிந்தது.

அந்த வார்டில் அக்காவின் தம்பி மனைவி செசிலி படுத்திருந்தாள். பிள்ளை பெற்ற பிறகு பேச்சே நின்றுபோயிருந்தது. துறைமுகத்தில் மூட்டை இறக்கும் அவள் கணவர் அந்தோணி, வேலை முடிந்ததும் நேராக வந்து, கட்டிலுக்குக் கீழே பாய் விரித்து, கப்பல் கதைகளைச் சொல்லிக்கொண்டே தூங்கிப்போவார். கைக்குழந்தை அக்காவிடம் வளர்ந்தது.

இப்படி உறவினர்கள் வார்டில் தங்குவதை நிறுத்த எங்கள் தலைமை மருத்துவர் நினைத்தார். நெருக்கடி, சத்தம். வெளிநாட்டில் எங்கும் இந்த வழக்கம் இல்லை, இது நோயாளிக்குக் கெடுதல் என்பதற்கு ஆதாரங்களைத் திரட்டிக் கொடு என்றார். எனக்கு அம்மாவின் நினைவு வந்தது. பினாங்கில் அம்மா செசிலிக்கு வந்த இதே நோயோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பார்வை நேரம் முடிந்ததும் எங்களை வெளியே அனுப்பிவிடுவார்கள். அம்மா ஜன்னலருகே நின்று கையாட்டுவார். அந்த ஞாபகம் ஆதாரம் ஆகாது என்பதால் அதை ஒதுக்கி வைத்துவிட்டு, வாரக்கணக்கில் படித்தேன்.

கூட்டத்தில் என் தாள்களை மருத்துவரிடம் கொடுத்தேன். உறவினர் தங்கினால் நோயாளிக்குக் கெடுதல் என்று நான் படித்த எந்தக் கட்டுரையும் சொல்லவில்லை. நல்லது என்றும் சொல்லவில்லை. அங்கே தங்குவதற்கு ஆளே இல்லாதபோது எதை எதோடு ஒப்பிட்டிருப்பார்கள்? எழுதாமல் விட்டதை, கூடாது என்று எழுதியதாக எடுத்துக்கொள்ள முடியாது என்றேன். மருத்துவர் என் தாள்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

"அப்ப நாமதான் பாத்து எழுதணும், இல்லையா?" என்றார். அதுவரை யாரையும் வெளியே அனுப்ப வேண்டாம் என்று முடிவாயிற்று.

புடவை தடுக்க மாடிப்படியில் தாவி இறங்கினேன். வார்டு வாசலில் நின்ற அந்தோணியிடம், உள்ளூர் பாஷையிலேயே சொல்லிவிடும் ஆசையில், "நீங்க இங்கயே கீலாம்" என்றேன். அவர் விழித்தார். அந்த வாரம்தான் ஏதோ முணுமுணுக்கத் தொடங்கியிருந்த செசிலி, கட்டிலிலிருந்தபடியே, "'இர்க்கலாம்'னு சொல்லுக்கா" என்றாள். அந்தோணி தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒரு நோயாளி, ஒரு சொல், இதெல்லாம் ஆதாரம் ஆகாது என்று என் தொழில் சொல்லும். சொல்லட்டும். நாங்கள் மூவரும் நர்ஸ் வந்து அதட்டும்வரை சிரித்தோம். மழைக்காலம் வருவதற்குள் செசிலி வீடு திரும்பி, குழந்தையை அக்காவிடமிருந்து சண்டை போட்டு வாங்கிக்கொண்டாள்.

சில வருடங்கள் கழித்து ஒருநாள், கப்பலிலிருந்து இறங்கிய ஒரு குடும்பம் துறைமுக வாசலில் பெட்டிகளோடு நின்றது. பெரம்பூருக்கு எந்தப் பஸ் என்று அந்த மனிதர் கேட்ட தொனியிலேயே தெரிந்துவிட்டது, பினாங்கு. தலைகால் புரியாத சந்தோஷத்தில் வாயைத் திறந்தேன். "இப்டிக்கா நேரா போய்கினே இருங்கண்ணே, முக்குல ஸ்டாப் கீது." அவர் எனக்குப் புரியட்டும் என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நன்றி சொன்னார். பிறகு மனைவியிடம் திரும்பி, "இந்த ஊருக்காரங்க நல்லவங்க லா" என்று நம்மூர் 'லா' சேர்த்துச் சொன்னார். நானும் பினாங்குதான் என்று சொல்ல வாயெடுத்தேன். சிரிப்புதான் வந்தது. அவர்கள் முனையில் திரும்பும்வரை நின்று கையாட்டிக்கொண்டிருந்தேன்.