சீட்டுக்கு அடியில் கருகிய ஆம்ப்

தங்கையின் போனை எடுத்ததும் காதில் விழுந்தது பிள்ளைகளின் அழுகை. நாகர்கோவிலில் பள்ளிக்கூடம் விட்டுக் கூட்டி வரும் வழியில் கார் சீட்டுக்கு அடியிலிருந்து புகை. வண்டியை ஓரம் கட்டி, இரண்டு பேரையும் வெளியே இழுத்துப் போட்டிருக்கிறாள். “பிள்ளையளுக்கு ஒண்ணும் ஆவல்ல அண்ணா, நீ சீக்கிரம் வா” என்றாள். புகைந்தது பாட்டுக்கான ஆம்ப்ளிஃபயர். அதைப் பொருத்தியவன் நான். கார்களுக்கு ஸ்பீக்கரும் ஆம்பும் மாட்டுவதுதான் என் பிழைப்பே.

பைக்கை விரட்டும்போதே மாட்டிய வேலையை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். என் தப்பாக இருந்துவிட்டால்? தேவைக்கு மேல் பெரிய ஃப்யூஸைப் போட்டுத் தொலைத்தேனா? கார் பாடியின் பெயிண்ட்டைச் சுரண்டி இரும்பில் படவைக்காமல் எர்த் ஒயரை முறுக்கிவிட்டேனா? மாட்டிய அன்றைக்கு ஒரே அவசரம். மறுநாள் கப்பல் வேலைக்குக் கிளம்ப இருந்த மச்சான், பாட்டுக் கேட்டுவிட்டுத்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். பிள்ளைகள் இருவரும் பின்சீட்டில்தான் உட்காருவார்கள். அதற்கு மேல் யோசிக்கப் பயமாக இருந்தது.

போனதும் பேட்டரி ஒயரைக் கழற்றினேன். ஃப்யூஸ் சரியான அளவு. அப்பாடா. எர்த் போல்ட்டுக்கு அடியில் பெயிண்ட் சுரண்டிய பளபளப்பு. ஸ்பீக்கர் ஒயர்களை மீட்டர் வைத்துப் பார்த்தேன். எங்கேயும் ஷார்ட் இல்லை. தப்பித்தேன் என்றே நினைத்தேன்.

சீட்டைத் தள்ளி ஆம்பை வெளியே எடுத்தபோதுதான் கண்டேன். சூடு வெளியேறுவதற்காக அதன் முதுகில் இருக்கும் அலுமினிய வரிகள் முழுக்க உருகிய பிளாஸ்டிக். எனக்குச் சுரீரென்று ஏறியது.

“ஏட்டி, இதுக்கு கவர் போட்டது யாரு?”

“நான்தான்.”

“கிறுக்கா உனக்கு? இது சூடு போவாண்டாமா? பிள்ளைய ரெண்டும் உள்ள இருந்து எரிஞ்சிருக்குமே!”

அவள் என்னை முறைத்தாள். “நீதான அண்ணா சொன்னே? கடக்கரை வீடு, உப்புக்காத்து பட்டா ஆறு மாசத்துல போயிரும், நல்லா மூடி வச்சுக்கோன்னு. மிக்ஸிக்குத் தச்ச மாதிரி இதுக்கும் ஒண்ணு தச்சேன்.”

சொன்னேன்தான். ரிமோட்டைக்கூடக் கவர் பிரிக்காமல் வைத்திருக்கும் ஊர். மூடி வை என்றால் மூடித்தான் வைப்பார்கள். பாட்டுப் போடும்போது எடுத்துவிடு என்று ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல இந்த வாய்க்கு என்ன கேடு? என் மேலேயே எனக்கு வெறுப்பாக வந்தது.

அப்புறம்தான் மற்ற வண்டிகள் நினைவுக்கு வந்தன. கடற்கரைப் பக்கம் நான் மாட்டிக் கொடுத்த எல்லா வண்டிக்காரர்களிடமும் இதையேதான் சொல்லி அனுப்பியிருக்கிறேன். மணி ஐந்தாகியிருந்தது, எல்லாரும் வீடு திரும்பும் நேரம். ரோட்டோரத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிடத் தொடங்கினேன். முதல் ஆளுக்கு மணி அடித்துக்கொண்டே இருந்தது. வண்டி ஓட்டும்போது அவர் போன் எடுக்க மாட்டார்.