தம்ளர் குப்பைக்கு, ஊசி அடுத்தவருக்கு

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

தம்பிக்கு எய்ட்ஸ் என்று மெட்ராஸிலிருந்து ரிசல்ட் வந்துவிட்டது. இன்று காலை திண்டிவனம் நர்ஸிங் ஹோமில், அவன் குடித்த தம்ளரை நர்ஸம்மா குச்சியால் குப்பையில் தள்ளினார்.

அவனுக்குப் போட்ட ஊசியை மட்டும் ஸ்பிரிட்டில் துடைத்துக்கொண்டு, அடுத்துக் காத்திருந்த கிளியனூர்க்காரரிடம் போனார்.

குறுக்கே நின்றேன். “ஊசியைக் கொதிக்க வைங்கம்மா. தம்ளர்ல வராது, ஊசியிலதான் வரும்.”

“எம்.ஏ. படிச்சா டாக்டரா சார்? தொட்டா ஒட்டிக்குமேன்னு நானே பயந்துக்கினு கீறேன். தள்ளுங்க.”

கிளியனூர்க்காரரும், “ஜல்தி போடும்மா, பஸ்ஸு போயிடும்,” என்றார்.

போட்டார். கிளியனூர்க்காரர் கையைத் தேய்த்துக்கொண்டே போய்விட்டார்.

இதை விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டுகிறேன். அவரைத் தெரிந்தவர்கள், ரத்தத்தைச் சோதிக்கச் சொல்லி அவரிடம் சொல்லுங்கள். டாக்டர்கள் யாராவது படித்தால், நான் சொன்னது தப்பா என்று கீழே எழுதுங்கள்.

என் பெயரைப் போடவில்லை. போட்டால் தம்பிக்கு நர்ஸிங் ஹோமில் கிடைத்திருக்கும் அந்தக் கட்டிலும் போய்விடும்.