சேவ் ஆகாத பாட்டுகள்

போன வாரம் டீ நேரத்தில் எங்கள் கம்பெனி கட்டிங் இன்சார்ஜ் என்னை ஓரங்கட்டினார். லீவு கேட்கப் போகிறார் என்று நினைத்து முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டேன். மனிதர் கேட்டது வேறு. கம்ப்யூட்டரில் மியூசிக் போட ஆசை வந்துவிட்டதாம், அதுவும் எலக்ட்ரானிக் மியூசிக். எந்த சாப்ட்வேரை எடுப்பது என்று ஒரு மாதமாக வீடியோ வீடியோவாகப் பார்த்துக் குழம்பிப் போயிருக்கிறார். "நீங்க பண்ணுவீங்கன்னு சொன்னாங்க. எதுங்க நல்லது?" என்றார். பெண் பார்க்கப் போகிற இடத்தைப் பற்றி விசாரிக்கிறவரின் கூச்சம் அந்தக் குரலில். நாலு பெயர் சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் அவர் கழுத்தில் ஒரு ஹெட்போன் தொங்கியது. அதன் உறை உதிர்ந்து காலரெல்லாம் கறுப்புப் பொடி. என் பழைய ஹெட்போனும் இப்படித்தான் உதிரும். அந்தப் பொடியைப் பார்த்ததும் எனக்குக் கல்யாணமான புதிது ஞாபகம் வந்துவிட்டது. உங்களிடம் சொல்வதற்கென்ன.

அப்போது நான் ஒரு பனியன் கம்பெனியில் ஜூனியர் மெர்ச்சண்டைசர். பெயர்தான் பெரிது. துணி வாங்குகிற வெளிநாட்டுப் பையருக்கு மெயில் போடுவது, சாயப்பட்டறைக்கும் பிரிண்டிங்குக்கும் பைக்கில் அலைவது, இரண்டு பக்கமும் திட்டு வாங்குவது, இவ்வளவுதான் வேலை. ஒரு காம்பவுண்டில் ஒற்றை அறை வாடகை வீடு. சுவருக்கு அந்தப் பக்கம் பவர் டேபிள் என்கிற மோட்டார் தையல் மிஷின்களைப் போட்டுத் தைத்துக்கொண்டே இருப்பார்கள். லேப்டாப்பில் பாட்டுப் போடுவது எனக்கிருந்த ஒரே கிறுக்கு. பாட்டு என்றால் வார்த்தை கிடையாது, தாளமும் விதவிதமான சத்தமும் மட்டும்.

வைகாசியில் சுகன்யாவைக் கட்டிக் கூட்டி வந்தேன். கொமரலிங்கத்துப் பெண், அமராவதித் தண்ணீரில் வளர்ந்தவள். பஸ் திருப்பூருக்குள் நுழைந்ததும் சாயத் தண்ணீர் வாடைக்கு ஜன்னலைச் சாத்தினாள். அதோடு வாயையும் சாத்திக்கொண்டாள். எதைக் கேட்டாலும் "சரிங்க", இல்லாவிட்டால் "இல்லீங்க". குன்னத்தூரிலிருந்து அம்மா தினமும் போன் போட்டு, "புள்ள பேசறாளா கண்ணு?" என்பாள். ஆடி பிறந்தால் புதுப்பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். இதே முகத்தோடு போனால் ஆவணியில் திரும்பி வருவாளோ மாட்டாளோ என்று அம்மாவுக்குக் கவலை. எனக்கு மட்டும் இல்லையா? ஆனால் பெண்டாட்டியிடம் என்ன பேசுவது என்று எந்தப் பையரும் எனக்கு மெயில் போடவில்லையே.

பேசத் தெரியாதவன் என்ன செய்வான்? வேலை விட்டு வந்ததும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவேன். என் காதுக்குள் கச்சேரி நடக்கும், தாளத்துக்குத் தலை ஆடும். வெளியே ஒரு சத்தமும் இல்லை. முதுகைக் காட்டிக்கொண்டு தலையை மட்டும் முன்னும் பின்னும் ஆட்டுகிற ஆளைப் பார்த்தால் அந்தப் பெண்ணுக்கு எப்படி இருந்திருக்கும்? ஒரு நாள் தோளில் கை பட்டது. திரும்பினால் தைலப் புட்டியோடு நிற்கிறாள். "ஏனுங்க, தலைவலிங்களா? தெனமும் இப்படியே பண்றீங்க."

எனக்கு அசடு வழிந்தது. ஹெட்போனைக் கழற்றிவிட்டுப் பழைய ஸ்பீக்கர் இரண்டை மாட்டிப் போட்டுக் காட்டினேன். கட்டில் ஓரமாக உட்கார்ந்து முழுசாகக் கேட்டாள். முடிந்ததும், "இந்த டம்மு டம்முன்னு அடிக்கறவரு நடுவால தண்ணிகூடக் குடிக்க மாட்டாருங்களா?" என்றாள். அவள் என்னைக் கிண்டல் செய்தது அதுதான் முதல் தடவை. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மறுநாள் போட்ட பாட்டில் அந்த டம்முக்காரருக்கு நடுநடுவே ஓய்வு கொடுத்தேன்.

எந்த சாப்ட்வேர் என்கிற குழப்பம் அன்றைக்கு எனக்கும்தான். எல்லாவற்றையும் ஓசி டிரையலில் இறக்கிப் பார்த்தேன். ஒன்று அரை மணி நேரம் ஓடிவிட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் மூடிக்கொள்ளும். இன்னொன்றில் பாட்டின் நடுவே ஒரு அம்மா வந்து இது டிரையல், இது டிரையல் என்பார். மூன்றாவது தங்கமானது. கேட்டதெல்லாம் செய்யும், சேவ் பண்ண மட்டும் விடாது. மூடினால் போச்சு. எங்கள் தொழிலில் பையருக்கு ஒரு பீஸ் அனுப்பினால் அச்சு அசலாக இன்னொன்றை நம்மிடம் எடுத்து வைத்துக்கொள்வோம், கவுண்டர் சாம்பிள் என்று. அப்படிப் பழகியவனுக்குப் போட்ட பாட்டெல்லாம் காற்றோடு போவது பொறுக்கவில்லை. போனில் பிடித்து வைத்திருக்கலாமே என்பீர்கள். பிடித்தேன். பக்கத்து வீட்டுத் தையலும், எதிர்வீட்டு ஒடிசாக்காரர் இந்தியில் யாரையோ திட்டுவதும் அருமையாகப் பதிவாகியிருந்தன.

ஆக, சாயங்காலம் ஒரு பாட்டு, அதுவும் ஒரே ஒரு தடவை. சுகன்யா அதற்குள் அடுப்பை அணைத்துவிட்டு, தலை வாரிக்கொண்டு, நான் ஆரம்பிக்கும் முன்பே வந்து உட்கார்ந்துவிடுவாள். நடுவில் எழுந்திருக்க மாட்டாள். மழை வருகிற மாதிரி வந்து வராமல் போய்விட்டது என்பாள் ஒரு நாள். ஒரு சத்தத்தைக் கேட்டுவிட்டு, எங்கள் வயல் மோட்டார் இப்படித்தான் இழுக்கும் என்று ஆரம்பித்து, அந்த மோட்டார் அறையில் ஒளிந்துகொண்டு பரீட்சைக்குப் படித்தது வரை சொல்லி முடித்தாள் இன்னொரு நாள். நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆடிக்கு மாமனார் வந்து அழைத்துப் போனார். அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாளா, எனக்கு அப்படித் தோன்றியதா, தெரியாது. அதற்கப்புறம் லேப்டாப்பைத் திறக்கவே கை வரவில்லை. ஒரு சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். "இன்னைக்கு என்னங்க போட்டீங்க?"

"ஒண்ணும் போடல அம்மிணி."

"ஏனுங்க?"

கேட்க ஆளில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் மாடு கத்துவது கேட்டது. பிறகு, "போனை ஸ்பீக்கருக்குப் பக்கத்துல வைங்க. நான் கேக்கறனுங்க" என்றாள். அவசர அவசரமாக என்னத்தையோ போட்டேன். கண்றாவியாக இருந்தது. நல்லாருக்குது என்றாள் புண்ணியவதி.

ஆவணியில் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினாள். பையை வாங்கிக்கொண்டு, டீ குடிக்கலாமா என்று கேட்டேன். "வேண்டாங்க, நம்மூட்டுக்குப் போயிக் குடிச்சுக்கலாம்" என்றாள். அந்த ஒற்றை அறையை அவள் நம்ம வீடு என்று சொன்னது அதுவரை இல்லை. அத்தனை ஜனத்துக்கு நடுவில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தீபாவளி போனஸ் வந்ததும் ஒரு சாப்ட்வேரைக் காசு கொடுத்தே வாங்கிவிடலாம் என்று, எதை வாங்குவது என அவளையே கேட்டேன். எதுவும் வாங்க வேண்டாம், அந்த மூன்றாவதே இப்படியே இருக்கட்டும் என்றாள். இப்படியே இருந்தால் சேவ் ஆகாதே என்றேன்.

"ஆகாததுனாலதானுங்க நல்லாருக்குது. ஆச்சுன்னா, அப்பறம் கேட்டுக்கலாம்னு நான் எந்திரிச்சுப் போயிருவேன்."

சிரித்துவிட்டு வாங்கினேன். சேவ் பட்டன் வேலை செய்த அன்று என்னைக் கையில் பிடிக்க முடியவில்லை. கொஞ்ச நாள் வழக்கம்போல வந்து உட்கார்ந்தாள். ஒரு சாயங்காலம் அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. நீ போய்ப் பார், பாட்டு எங்கே போகிறது, அப்புறம் கேட்கலாம் என்றேன். சொன்னது அவள் இல்லை, நான்தான்.

இப்போது சொந்த வீடு. பாட்டுக்கென்று தனி அறை, ஆளுயர ஸ்பீக்கர். மகள் பெரிய வகுப்புக்கு வந்துவிட்டாள். சுகன்யா பேச ஆரம்பித்தால் எனக்கு இடமே கிடைப்பதில்லை, அதில் எனக்குச் சந்தோஷம்தான். நான் போட்டவையெல்லாம் வருஷவாரியாகப் பத்திரமாக இருக்கின்றன. அந்தப் பருப்பு கொதித்த நாளுக்கு அப்புறம் போட்ட ஒன்றைக்கூட அவள் முழுசாகக் கேட்டதில்லை. உண்மையைச் சொன்னால் நானும் திரும்பக் கேட்டதில்லை.

நேற்று, அந்தக் காம்பவுண்டு வீட்டுப் பாட்டுகளில் ஏதாவது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தி யோசித்தாள்.

"ஒண்ணுகூட ஞாபகம் இல்லீங்க. உங்க பக்கத்துல உக்காந்திருந்தது மட்டும் இருக்குது."

வா, இப்போது ஒன்று போடுகிறேன் என்று கூப்பிட்டேன். கை வேலையாக இருக்கிறது, அப்புறம் வருகிறேன் என்றாள்.